பதினான்கு மணி நேரமும் ஏழரை மணி நேரமும்: ஒரு நீட் மாணவியின் 42 வார அட்டவணை

2024 ஜூன் 4 அன்று நீட் தேர்வு முடிவு வெளியானபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் நான் உயிரியல் ஆசிரியராகப் பணிபுரியும் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த ஒரு மாணவி, 720-க்கு 356 மதிப்பெண் பெற்றிருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர் என்பதால், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020-இல் தமிழ்நாடு அரசு சட்டமாக்கிய 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு அவர் உரியவர். ஆயினும் அந்த மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. இன்னோர் ஆண்டு வீட்டிலிருந்தே படித்து மீண்டும் எழுதுவது என்று அவரும் அவருடைய அம்மாவும் முடிவு செய்தார்கள். அந்த ஓராண்டுக்கான படிப்பு அட்டவணையை வகுத்துக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். அந்த அட்டவணை எப்படித் தவறியது, எப்படித் திருத்தப்பட்டது, எங்கே பயன் தந்தது, எங்கே தரவில்லை என்பதை அவர்கள் இருவரின் இசைவோடு இங்கே பதிவு செய்கிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

முதல் அட்டவணை

முதல் அட்டவணையை நானே எழுதினேன். தனியார் பயிற்சி மையம் ஒன்றின் மாணவர்கள் பின்பற்றும் அட்டவணை கையில் கிடைக்க, அதையே அடிப்படையாகக் கொண்டு, காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை, உணவுக்கும் குளியலுக்கும் போக நாளுக்கு 14 மணி நேரப் படிப்பு என்று கட்டம் போட்டு, மூன்று வண்ணங்களில் நிரப்பிக் கொடுத்தேன். ஜூன் நடுவில் தொடங்கிய அந்த அட்டவணை பதினொரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் அவருடைய அம்மா பள்ளிக்கு வந்து, "புள்ள தூங்கறதே இல்லைங்க டீச்சர், எதக் கேட்டாலும் அழுவுது" என்றார்.

மாணவியிடம் கேட்டபோது அவர் சொன்ன காரணம் எளிமையானது. ஒவ்வொரு நாளும் முடியாமல் நின்ற பாடத்தை மறுநாள் கட்டத்தில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். பதினோராம் நாள் முடிவில் அவர் கணக்குப்படி 60 மணி நேரத்துக்கும் மேலான படிப்பு பாக்கி நின்றது. அந்த அட்டவணையில் பாக்கியைத் தீர்ப்பதற்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லை. அப்பா பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கிறார், வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன, காலை ஆறேகாலுக்குள் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் நாள்களில் சமையலும் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதும் இந்தப் பெண்ணின் பொறுப்பு என்பவை அனைத்தும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அவற்றை அட்டவணையில் நான் எழுதவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவனின் நாளை இவருடைய வீட்டுக்குள் திணித்திருந்தேன்.

மேலும் ஒரு பிழை இருந்தது. அதன் விளைவு இதைவிடப் பெரியது. வேதியியலை மாநிலப் பாடநூலின் வரிசையிலேயே தொடங்கச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலின் முதல் பாடம் உலோகவியல். 2024 தேர்வுக்கென தேசிய மருத்துவ ஆணையம் சுருக்கி வெளியிட்ட பாடத்திட்டத்தில் உலோகவியல் இல்லை. திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவையும் அதில் இல்லை. பதினோராம் வகுப்பு விலங்கியலில் செரித்தல் மற்றும் உட்கிரகித்தல் பாடமும் நீக்கப்பட்டிருந்தது. மாணவி அந்தப் பதினொரு நாள்களில் வேதியியலுக்கு ஒதுக்கிய நேரத்தின் பெரும்பகுதியை, கேள்வியே வராத ஒரு பாடத்தில் செலவிட்டிருந்தார். தமிழ்வழி மாணவர்களுக்கு மாநிலப் பாடநூல்தான் கையில் இருக்கும் ஒரே முழுமையான நூல், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் தமிழில் வருவதில்லை. ஆகவே அட்டவணை எழுதுமுன் பாடநூலையும் பாடத்திட்டத்தையும் அருகருகே வைத்து, நீக்கப்பட்ட பகுதிகளைப் பென்சிலால் அடித்துவிடுவது எங்கள் மாணவர்களுக்குக் கட்டாயத் தேவை. அந்த வேலைக்கு எனக்கும் அவருக்கும் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது. அதற்குமேல் ஆகவில்லை.

விடைத்தாள் சொன்னது

இரண்டாவது அட்டவணையை எழுதுமுன் இரண்டு வேலைகளைச் செய்தோம். முதலாவது, ஒரு வாரம் எந்த அட்டவணையும் இல்லாமல், அவர் உண்மையில் எந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வரச் சொன்னேன். மாட்டுக் கொட்டகை, சமையல், தண்ணீர், தூக்கம், படிப்பு என ஒன்றையும் விடாமல் எழுதி வந்தார். ஏழு நாள்களின் சராசரியில் படிப்பு நேரம் ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. நான் கேட்ட நேரத்தில் சரிபாதிதான் அவரிடம் இருந்திருக்கிறது.

இரண்டாவது, அவருடைய 2024 விடைத்தாளை எடுத்தோம். நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை ஒவ்வொருவருடைய ஓ.எம்.ஆர். தாளின் (விடைக்கான வட்டங்களை நிரப்பும் தாள்) படத்தையும் விடைக்குறிப்பையும் வெளியிடுகிறது. இவற்றைத் தரவிறக்கிப் பார்த்துவிட்டுத் தன் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு அதோடு நிறுத்திவிடும் மாணவர்களே மிகுதி. எங்களைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் அட்டவணை முழுவதும் அந்த இரண்டு தாள்களிலிருந்துதான் பிறந்தது.

அவர் 159 கேள்விகளுக்கு விடையளித்திருந்தார். 103 சரி, 56 தவறு. உயிரியலில் 61 சரி, 22 தவறு. வேதியியலில் 25 சரி, 17 தவறு. இயற்பியலில் 17 சரி, 17 தவறு. சரிக்கு நான்கு, தவறுக்குக் கழித்தல் ஒன்று என்ற கணக்கில் முறையே 222, 83, 51. தவறான 56 கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அந்த விடையை ஏன் குறித்தாய் என்று கேட்டு எழுதினேன். பாடமே தெரியாமல் ஊகித்தவை 24. படித்திருந்தும் மறந்துபோனவை அல்லது ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொண்டவை 19. வழி தெரிந்தும் கணக்கில் பிழைத்தவை 8. 'சரியானது எது' என்பதற்குப் பதில் 'தவறானது எது' என்று வாசித்ததைப் போன்றவை 5.

இங்கே வழக்கமான ஓர் அறிவுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊகித்து எழுதாதே, கழித்தல் மதிப்பெண் உன்னைக் கவிழ்த்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் மாணவர்களிடம் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை அப்படியில்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கில் ஒரு முறை நான்கு மதிப்பெண் கிடைக்கும், மூன்று முறை மூன்று மதிப்பெண் போகும். சராசரியில் கேள்விக்குக் கால் மதிப்பெண் மிச்சம். ஆகவே அந்த 24 ஊகங்கள் அவரைக் கவிழ்க்கவில்லை. அவற்றோடு சில ஊகங்கள் பலித்தும் இருக்கும். உண்மையான இழப்பு அந்த 19 கேள்விகளில் இருந்தது. அவர் ஏற்கெனவே பல மணி நேரம் செலவிட்டுப் படித்து முடித்த பாடங்களிலிருந்து வந்த கேள்விகள் அவை. ஒவ்வொன்றிலும் கிடைத்திருக்க வேண்டிய நான்கும் கழிந்த ஒன்றும் சேர்ந்து ஐந்து, மொத்தம் 95 மதிப்பெண். புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் அடைந்திருக்கக்கூடிய மதிப்பெண் அது. இந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டியபோது அந்தப் பெண் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நான் படிக்காம இல்ல, இல்லைங்களா மிஸ்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது.

இரண்டாவது அட்டவணை

2024 ஜூலை 15, திங்கட்கிழமை தொடங்கி 2025 மே 4, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு வரை 42 வாரங்கள். அதில் முதல் 24 வாரங்கள் பாடங்களைப் படிக்க, அடுத்த 10 வாரங்கள் இரண்டாம் சுற்று, கடைசி 8 வாரங்கள் மாதிரித் தேர்வு எனப் பிரித்தோம். முதல் 24 வாரங்களில் ஒவ்வோர் ஆறாவது வாரமும் காலி. அந்த வாரத்தில் புதுப் பாடம் கிடையாது. பாக்கி இருந்தால் தீர்க்கலாம், இல்லையென்றால் ஓய்வெடுக்கலாம். இந்த நான்கு காலி வாரங்களுக்கு முதலில் மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. நேரம் வீணாகிறது என்று அஞ்சினார். நிலத்தில் போட்டிருந்த மல்லாட்டையை (நிலக்கடலையை) அக்டோபர் தொடக்கத்தில் பறிக்க வேண்டும், அப்போது ஒரு வாரம் புத்தகத்தைத் தொட முடியாது என்பது நினைவுக்கு வந்த பிறகு, பன்னிரண்டாவது வாரம் சரியாக அங்கே விழுவதை அவரே எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொண்டார்.

நாளின் அமைப்பு அவருடைய நோட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பால் ஊற்றிவிட்டு வந்ததும் காலை 6:30 முதல் 8:30 வரை இயற்பியல். 10 முதல் 12:30 வரை உயிரியல். பிற்பகல் 2 முதல் 4 வரை வேதியியலும் கேள்விப் பயிற்சியும். மாட்டைக் கட்டி, சாப்பாடு முடித்து, இரவு 7:30 முதல் 8:30 வரை திருப்புதல். மொத்தம் ஏழரை மணி நேரம். 9:30-க்குத் தூங்கிவிட வேண்டும். பிற்பகல் நேரத்தைப் பற்றி நான் பிடிவாதமாக இருந்தேன். நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் பழக்கமுள்ள உடம்பு அந்த நேரத்தில் விழித்து வேலை செய்யப் பல மாதப் பழக்கம் வேண்டும்.

இந்த நாளில் மிக முக்கியமான மணி நேரம் இரவின் அந்தத் திருப்புதல்தான். மறதியை அளந்து 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்வு முதல், 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிகியும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு வரை ஒரே பக்கம் சுட்டும் சான்றுகள் உள்ளன. அந்த 2006 ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். வாசித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். அடிக்கோடிட்டு வாசிக்கும்போது நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றுவது அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான். எனவே ஒவ்வொரு பாடத்தையும் படித்த மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என மூன்று முறை, புத்தகத்தைத் திறக்காமல் வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். எழுதிய பிறகே புத்தகத்தைத் திறந்து விடுபட்டதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும்.

இதுவும் ஒழுங்காக ஓடவில்லை. வாரம் நான்கு பாடம் படித்தால் பன்னிரண்டு திருப்புதல்கள் சேரும். நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் ஆறு மணி நேரம் என ஒதுக்கியிருந்தோம். உயிரியல் பாடம் ஒன்றை எழுதிப் பார்க்க 40 நிமிடம் ஆனதால் தேவைப்பட்டதோ எட்டு மணி நேரம். ஆகஸ்ட் இறுதியில் முப்பதாம் நாள் திருப்புதல்கள் வந்து சேர்ந்ததும் இரவு நேரம் பத்தரை வரை நீண்டது. முதல் அட்டவணையின் நோய் மறுபடியும் தலைகாட்டியது. அப்போது விதியை மாற்றினோம். ஏழாம் நாள் எழுதியதில் சிவப்பு மை ஐந்து இடங்களுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பாடத்துக்கு முப்பதாம் நாள் திருப்புதல் வேண்டாம். பழைய கேள்விகளில் பத்து போட்டுப் பார்த்தால் போதும். சிவப்பு மிகுந்த பாடங்கள் மட்டும் திரும்ப வரும். சூழலியல் பாடங்கள் ஒரே மாதத்தில் வட்டத்திலிருந்து வெளியேறிவிட்டன. அணைவு வேதியியலும் தாவர உள்ளமைப்பியலும் ஆறு, ஏழு முறை திரும்ப வந்தன. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை அதற்குப் பிறகு நான் முடிவு செய்யவில்லை; அவருடைய சிவப்பு மை முடிவு செய்தது.

தமிழ்வழி மாணவர் என்பதற்காகத் தனியே செய்த ஒரு வேலையையும் குறிப்பிட வேண்டும். கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018-இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததற்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டதும், அதை உச்ச நீதிமன்றம் பின்னர் ரத்து செய்ததும் எங்கள் மாவட்டத்து ஆசிரியர்கள் மறக்காத செய்தி. ஆகவே நாள்தோறும் எட்டுக் கலைச்சொற்கள், தமிழ் ஒரு பக்கம் ஆங்கிலம் ஒரு பக்கம் என்று ஒரு நோட்டில் சேர்ந்துகொண்டே வந்தன. நிலைமத் திருப்புத்திறன் (moment of inertia) என்ற இயற்பியல் சொல் நம் பாடநூலில் உள்ளபடியே தேர்விலும் வரும் என்று உறுதியில்லை. சந்தேகம் வந்தால் கண் ஆங்கில வரிக்குப் போக வேண்டும், போனால் அங்கே புரிய வேண்டும். மாடு மேய்க்கும் நேரத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அந்த நோட்டை அட்டவணைக்கு வெளியே அவரே வைத்துக்கொண்டார்.

புயலும் புதிய விதியும்

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. மாணவியின் ஊரில் பல நாள் மின்சாரம் இல்லை, மாட்டுக் கொட்டகையின் கூரை சரிந்தது. இருபத்தோராவது வாரம் முழுவதும் படிப்பில்லாமல் போனது. அதற்கடுத்த வாரமே கார்த்திகைத் தீபம், வீடு நிறைய உறவினர். ஜூன் மாத அட்டவணையாக இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். இப்போது டிசம்பர் கடைசியில் இருபத்துநான்காவது வாரம் காலியாக இருந்தது. விடுபட்ட நான்கு பாடங்களில் மூன்றை அங்கே வைத்தோம், ஒன்றை விட்டுவிட்டோம். எதை விடலாம் என்று சிவப்பு மையைப் பார்க்காமல், பழைய கேள்வித்தாள்களில் அதிலிருந்து எத்தனை கேள்வி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்தோம்.

புயலைவிடப் பெரிய மாற்றம் ஜனவரி இறுதியில் வந்தது. கொரோனாவுக்குப் பின் ஒவ்வொரு பாடத்திலும் சில கேள்விகளைத் தேர்ந்தெடுத்து எழுதும் வசதி இருந்தது. நேரமும் 200 நிமிடம். 2025 முதல் பழைய முறைக்கே திரும்புவதாகத் தேசியத் தேர்வு முகமை அறிவித்தது. 180 கேள்விகள், 180 நிமிடம், தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. பிப்ரவரி முதல் ஞாயிறு, பிற்பகல் 2 மணிக்கு, பள்ளியின் ஒரு வகுப்பறையில் புதிய நேரத்தின்படி மாதிரித் தேர்வு வைத்தேன். மணி ஐந்தானபோது அவர் 131-ஆவது கேள்வியில் இருந்தார்.

இரண்டாம் சுற்றின் நடுவில் இருந்தோம். சுற்றை நிறுத்தாமல், பிற்பகல் நேரத்தை மட்டும் முழுவதுமாக வேகப் பயிற்சிக்கு மாற்றினோம். 50 நிமிடத்தில் உயிரியலின் 90 கேள்விகள், அடுத்த 50-இல் வேதியியல், 65-இல் இயற்பியல், ஓ.எம்.ஆர். தாளில் வட்டமிட 15 எனப் பங்கிட்டோம். உயிரியலில் ஒரு கேள்விக்கு 33 விநாடிதான். அந்த வேகம் பாடம் நன்றாகத் தெரிவதால் மட்டும் வராது. விடை யோசிக்காமல் வர வேண்டும். வெற்றுத் தாளில் எழுதிப் பழகிய மாதங்கள் இங்கே கைகொடுத்தன. ஏப்ரலில் உயிரியல் 50 நிமிடத்துக்குள் நின்றது. இயற்பியல் கடைசி வரை நிற்கவில்லை.

முடிவும் எஞ்சிய கேள்விகளும்

2025 தேர்வில் இயற்பியல் பகுதி கடினமாக இருந்ததை எழுதிய எல்லோரும் அறிவர். முந்தைய ஆண்டு 720 பெற்றவர்களே இருந்த தேர்வில் இந்த முறை நாட்டிலேயே உயர்ந்த மதிப்பெண் 686. ஜூன் 14 அன்று வெளியான முடிவில் மாணவி பெற்றது 483. உயிரியலில் 72 சரி, 8 தவறு. வேதியியலில் 31 சரி, 5 தவறு. இயற்பியலில் 22 சரி, 4 தவறு. உள் ஒதுக்கீட்டில் அவருக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது.

முந்தைய ஆண்டைவிட 17 கேள்விகளைக் குறைவாக எழுதியும் சரியான விடைகள் 22 கூடியிருக்கின்றன. தவறுகள் 56-லிருந்து 17 ஆயின. அதே நான்கு வகையில் பிரித்துப் பார்த்தோம்: ஊகம் 6, மறதியும் குழப்பமும் 4, கணக்குப் பிழை 5, தவறான வாசிப்பு 2. பத்தொன்பது நான்கானதுதான் இந்த அட்டவணையின் பயன் என்று நான் நம்புகிறேன். ஒரே மாணவியின் கதை என்பதால், அதில் இரண்டாம் முறை எழுதும் அனுபவத்துக்கும் ஒரு வயது கூடிய நிதானத்துக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட இயலாது. அவர் காலையில் நான்கு மணிக்கு எழாததும், இரவில் தூங்கியதும் அந்தப் பங்கில் சேரும்.

இரண்டு குறைகளை நான் என் பொறுப்பாகவே எழுதுகிறேன். ஒன்று, இயற்பியலில் 19 கேள்விகள் தொடப்படவே இல்லை. காலையின் நல்ல நேரத்தை இயற்பியலுக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் பெரும்பாலும் விளக்கங்களையும் தீர்த்த கணக்குகளையும் படித்துக்கொண்டிருந்தார். உயிரியலுக்கு வெற்றுத் தாள் என்ன செய்ததோ அதை இயற்பியலுக்குத் தீர்க்காத கணக்குதான் செய்யும் என்பதை ஜனவரியில்தான் உணர்ந்தேன். மற்றொன்று, கடைசி இரண்டு நிமிடத்தில் விடுபட்ட 38 வட்டங்களை என்ன செய்வது என்று அவரிடம் நான் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. மேலே போட்ட அதே கால் மதிப்பெண் கணக்குப்படி அவற்றை நிரப்பியிருந்தால் சராசரியாக ஒன்பதரை மதிப்பெண் கூடியிருக்கலாம். கணக்கு எனக்குத் தெரிந்திருந்தும், ஊகிக்காதே என்று பல ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய வாய் அதைச் சொல்லத் தயங்கியது.

இந்த ஆண்டு இரண்டு மாணவர்கள் மீண்டும் எழுதப் போகிறார்கள். ஒருவன் மாலையில் மளிகைக் கடையில் வேலை செய்கிறான். இன்னொருத்தியின் வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி இருக்கிறார். இருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். விடைத்தாளின் படத்தை இருவரும் தரவிறக்கிவிட்டார்கள்.